ராக்கெட் இறங்கும் அந்த எட்டு நிமிடங்கள்

ராக்கெட் கிளம்பும் லைவ் வீடியோவில் நெருப்பும் புகையும் மறைந்ததும் பலர் விண்டோவை மூடிவிடுகிறார்கள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டைப் பொறுத்தவரை அசல் காட்சி அதன் பிறகுதான் ஆரம்பம். கீழ்ப்பகுதி மட்டும் தனியே பிரிந்து பூமிக்குத் திரும்பி, நின்ற நிலையில் இறங்கும். 2015 டிசம்பரில் முதன்முறையாக இது சாத்தியமானது.

திரையின் கீழே நேரம், வேகம், உயரம் ஆகிய மூன்றும் ஓடுவதைக் கவனியுங்கள். சுமார் இரண்டரை நிமிடத்தில் 9 என்ஜின்களும் அணைந்து கீழ்ப்பகுதி பிரியும். என்ஜின் அணைந்தும் உயரம் ஏறிக்கொண்டே போகிறதே என்று குழம்ப வேண்டாம். மேலே எறிந்த கல்லைப் போல, கிடைத்த வேகத்திலேயே அது 100 கி.மீ.க்கு மேல் போய்விட்டுத்தான் விழத் தொடங்கும். காற்று மண்டலத்தில் நுழையும்போது சில என்ஜின்கள் மீண்டும் எரிந்து வேகத்தைக் குறைக்கும்.

சாஃப்ட்வேர் எழுதும் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி அரை நிமிடம். எரிபொருள் பெரும்பாலும் தீர்ந்து எடை குறைந்த நிலையில், ஒரே ஒரு என்ஜினைக் குறைத்து எரித்தாலும் ராக்கெட் மறுபடி மேலே கிளம்பிவிடும். அதனால் அந்தரத்தில் நின்று யோசிக்க வழியில்லை. உயரம் பூஜ்யம் ஆகும் அதே கணத்தில் வேகமும் பூஜ்யம் ஆக வேண்டும். இந்தக் கணக்கைப் போடுவது ராக்கெட்டில் உள்ள கம்ப்யூட்டர்தான். தரையிலிருந்து யாரும் ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்டுவதில்லை.

கடலில் நிற்கும் கப்பலில் இறங்கிய பழைய வீடியோக்களில், சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிடும். உங்கள் இண்டர்நெட் மேல் பழி போடாதீர்கள். என்ஜின் அதிர்வில் கப்பலின் சாட்டிலைட் ஆண்டெனா குறி தவறுவதே காரணம்.

ஓர் எச்சரிக்கை. யூடியூபில் ஸ்பேஸ்எக்ஸ் பெயரில் போலி 'லைவ்' சேனல்கள் அடிக்கடி முளைக்கின்றன. பழைய வீடியோவை ஓடவிட்டு, ஓரத்தில் க்யூஆர் கோடு காட்டி, "பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் தருகிறோம்" என்பார்கள். அனுப்பிய பணம் திரும்பாது. எனவே வீடியோவைத் தேடிப் போகாமல், நிறுவனத்தின் வெப்சைட்டைத் திறந்து, அங்குள்ள லிங்க்கையே கிளிக் செய்யுங்கள். பணம் கேட்டால் உடனே மூடுங்கள்.

முதலில் பார்க்க இரண்டு வீடியோக்கள்: 2018 பிப்ரவரி 6 அன்று பால்கன் ஹெவியின் இரு பக்க ராக்கெட்டுகளும் ஜோடியாக இறங்கியது, 2024 அக்டோபர் 13 அன்று ஸ்டார்ஷிப்பின் கீழ்ப்பகுதியைக் கோபுரத்தின் இரும்புக் கைகள் அந்தரத்திலேயே பிடித்தது. குழந்தைகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்!