ஓட்டமும் ஆற்றல் சிக்கனமும்

ஒரே எடையுள்ள இருவர் ஒரே வேகத்தில் ஓடும்போது, குறைவான பிராணவாயுவைச் செலவிடுபவரே சிக்கனமான ஓட்டக்காரர். நெடுந்தொலைவு ஓட்டத்தில் இந்தச் சிக்கனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் இதில் முக்கியமானது. பாதம் தரையில் ஊன்றும்போது அது ரப்பர் பட்டைபோல் இழுபட்டு, அடுத்த அடிக்கு அந்த விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. தசைக்கு வேலை குறைகிறது. உலர்ந்த மணலில் இந்த உதவி பெரிதும் கிடைக்காது. கால் புதைய, விசை மணலிலேயே போய்விடும். அந்தமானில், முன்பு ஹேவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவின் ராதாநகர் போன்ற கடற்கரைகளின் பொலபொல மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் வேண்டும். அலை நனைத்து இறுகிய மணலில் அவ்வளவு செலவில்லை.

காலணியின் எடையும் கணக்கில் வரும். ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்த சிவநாத் சிங், வெறுங்காலோடு ஓடுவதற்குப் பேர்பெற்றவர்.

அந்தமானில் ஓடுவோருக்குப் பெரிய தடை ஈரப்பதம்தான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் சூடேறும், அதைத் தணிக்க இரத்தம் தோலை நோக்கித் திரும்பும், இதயம் கூடுதலாகத் துடிக்கும். புதிதாக வந்தவரின் உடல் இந்தப் புழுக்கத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். கோடையில் காலை ஐந்து மணிவாக்கிலேயே விடிந்துவிடும் இத்தீவுகளில், வெயில் ஏறுமுன் ஓடி முடித்துவிடுங்கள்.