வழவழப்பாக இருந்தும் ஒட்டுவது ஏன்?

எட்டாம் வகுப்பில் உராய்வைப் பாடமாக நடத்தியபின், "உராய்வு ஏன் ஏற்படுகிறது?" என்று கேட்டால், "பரப்பு சொரசொரப்பாக இருப்பதால்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. குறைக்கும் வழி? "வழவழப்பாக்கலாம், எண்ணெய் விடலாம்." இந்த விடைகள் தவறல்ல, ஆனால் பாதிதான். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் செல்வோர் அதிகம். அங்கே பிரஸ் இயந்திரத்தின் முன் நிற்கும்போது இந்தப் பாதி விடை அவர்களுக்குப் போதாது. மீதியை விளக்க நான் எடுத்துக்கொள்வது, குளிர்பானம் அடைத்து வரும் அலுமினிய டின்னை.

அந்த டின்னின் சுவரில் இணைப்பே இருக்காது. சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை வட்டமாக வெட்டிக் கிண்ணமாக அழுத்துகிறார்கள். பிறகு அதை டை எனப்படும் வளைய அச்சுகளின் வழியே தள்ளி நீட்டுகிறார்கள். சுவரின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆகிவிடுகிறது. அச்சு நன்றாக மெருகேற்றப்பட்டதுதான். ஆனாலும் இடையில் உள்ள எண்ணெய்ப் படலம் அறுந்தால், அலுமினியம் அச்சில் ஒட்டிக்கொள்கிறது.

தோல் விரிசல் விடும்போது

காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிறது. இது கடினமானது, ஆனால் நீளாது. தகடு நீளும்போது படலம் விரிசல் விடுகிறது. அடியிலுள்ள புதிய உலோகம் வெளிப்பட்டு, அச்சைத் தொட்ட இடத்தில் அதனுடன் பிணைகிறது. தகடு மேலும் நகரும்போது அந்தப் பிணைப்பு விடுவதில்லை; மென்மையான அலுமினியமே கிழிந்து, ஒரு துணுக்கு அச்சில் தங்குகிறது. அடுத்து வரும் தகட்டை அது கீறுகிறது. அதன்மேல் இன்னும் அலுமினியம் சேர்கிறது.

மாணவர்களுக்கு இதைச் சப்பாத்தி மாவைக் கொண்டு சொல்லலாம். பிசைந்த மாவைத் திறந்து வைத்தால் மேலே காய்ந்த தோல் படியும். தேய்க்கும்போது தோல் வெடித்து உள்ளிருக்கும் ஈரமாவு கட்டையில் ஒட்டும். ஒட்டிய துணுக்கு அடுத்த சப்பாத்தியைப் பிய்க்கும்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பவுடன், டேபர் இருவரும் 1950-இல் வெளியிட்ட நூலில் உலோக உராய்வை இவ்வாறுதான் விளக்கினர். இரு பரப்புகள் உண்மையில் தொடுவது சில முகடுகளில் மட்டுமே. அங்கே உண்டாகும் இணைப்புகளை அறுக்கத் தேவைப்படும் விசையே உராய்வின் பெரும்பகுதி என்றனர்.

பூச்சு என்ன செய்கிறது?

வன்பொருள் கடைகளில் தங்க நிற டிரில் பிட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சினுடையது. எஃகைவிட மிகக் கடினமான இப்பூச்சு, கருவி தேயாமல் காக்கிறது. ஆயினும் அலுமினியம் இதிலும் ஒட்டுகிறது. ஆகவே கடினம் மட்டும் தீர்வல்ல.

வைரம் போன்ற கார்பன் பூச்சு வேறு வகை. சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இதில், வைரத்திலும் கிராஃபைட்டிலும் உள்ள இருவகைப் பிணைப்புகளும் கலந்துள்ளன. இதன் மேற்பரப்பில் உள்ள கார்பன் அணுக்களின் பிணைப்புகளை ஹைட்ரஜன் போன்றவை ஏற்கெனவே நிரப்பிவிட்டால், அலுமினியம் பற்றிக்கொள்ள இடம் குறைகிறது. மாவின் மேல் உலர்ந்த மாவு தூவுவதும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது.

வகுப்பறையில்

மூன்று எவர்சில்வர் தட்டுகள் எடுங்கள். ஒன்றை வெறுமையாக வைத்து, இரண்டாவதில் எண்ணெய் தடவி, மூன்றாவதில் உலர்ந்த மாவு தூவுங்கள். ஒரே அளவுள்ள, சற்றுத் தளர்வாகப் பிசைந்த மாவு வில்லைகளை அவற்றில் லேசாக அழுத்தி வையுங்கள். எது முதலில் நகரும், எது கடைசியில் என்று மாணவர்கள் எழுதிய பின்னரே தட்டுகளைச் சாய்க்க வேண்டும். மாவு தூவிய தட்டைத் தடவிப் பார்த்தால் வெறும் தட்டைவிடச் சொரசொரப்பு. ஆனால் ஒட்டி நிற்பது வழவழப்பான வெறும் தட்டில்தான்.

அதன்பின் உராய்வின் காரணத்தை இரண்டாக எழுதச் சொல்லுங்கள்: பரப்பின் மேடுபள்ளம், தொடும் இடத்தில் ஏற்படும் ஒட்டுதல். மெருகேற்றினால் முதலாவது குறையும். இரண்டாவதைக் குறைக்க, எந்தப் பொருள் எதனுடன் பிணையும் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் பாடநூலில் உராய்வு இயற்பியலாகவும் பிணைப்பு வேதியியலாகவும் தனித்தனியே வருகின்றன. ஒரு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே பாடவேளையில் இணைத்துவிடலாம்.