எழுபது வயதுக்காரர்களின் கடல்

கோடையில் அலாஸ்காவுக்கு உல்லாசக் கப்பலில் போகலாம் என்று அமெரிக்காவில் ஒரு குடும்பம் திட்டம் போடத் தொடங்கியதும், எந்த நிறுவனத்தின் கப்பல் என்ற பேச்சு வரும். ஹாலந்து அமெரிக்கா லைன் என்று யாராவது சொன்னால், “ஐயோ, அது வயசானவங்க கப்பலாச்சே” என்று இன்னொருவர் தடுப்பார். நீர்ச்சறுக்கு கிடையாது, செயற்கை அலையில் விளையாட இடம் கிடையாது, பகலெல்லாம் பாதிப் பேர் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள் என்று காரணங்களையும் அடுக்குவார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் சாகக் கிடப்பவர்களும்தான் கப்பலில் போவார்கள் என்று ஆங்கிலத்தில் பழைய கேலி ஒன்றே உண்டு.

சில நிறுவனங்களின் கப்பல்கள் முதியவர்களுக்கே பெரிதும் பொருந்துகின்றன என்பது உண்மைதான். அதை ஒரு குற்றச்சாட்டைப் போலச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதோடு, கப்பலில் யார் ஏறுகிறார்கள் என்பதை நிறுவனத்தின் பெயர் மட்டும் தீர்மானிப்பதும் இல்லை.

ஹாலந்து அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதம் சியாட்டிலிலிருந்து ஏழு நாள் பயணமாக அலாஸ்காவுக்குப் புறப்படும் அதன் கப்பலில் தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒரே மேஜையில் சாப்பிடுவதைப் பார்க்கலாம். அதே நிறுவனம் ஜனவரியில் ஃப்ளோரிடாவிலிருந்து உலகைச் சுற்றிவர ஒரு கப்பலை அனுப்புகிறது. அது திரும்பி வர ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். அதில் யார் போக முடியும்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ளவர்களால் முடியாது. வேலையில் இருப்பவர்களாலும் முடியாது. அமெரிக்காவில் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைத் தர வேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் கிடைத்தாலே பலருக்குப் பெரிது. ஆக, நான்கு மாதக் கப்பல் ஓய்வுபெற்றவர்களால் நிறைவதற்கு நிறுவனம் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. காலண்டரே பார்த்துக்கொள்கிறது. ஏழு நாள் பயணம் பதினான்கு நாளானால் பயணிகளின் வயது கூடும். முப்பது நாளானால் இன்னும் கூடும். எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்தது கப்பலின் அளவு. ராயல் கரீபியன் நிறுவனம் 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து இயக்கத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 7,600 பயணிகள் வரை ஏற்றக்கூடியது. ஏழு நீச்சல் குளங்கள், ஆறு நீர்ச்சறுக்குகள் என அது ஒரு மிதக்கும் பூங்கா. ஹாலந்து அமெரிக்காவின் ‘வோலண்டம்’, ‘ஸாண்டம்’ போன்ற கப்பல்களில் சுமார் 1,400 பேர்தான். சிறிய கப்பலில் நீர்ச்சறுக்குக்கு இடமில்லை. ஆனால், பெரிய கப்பல் நுழைய முடியாத துறைமுகங்களுக்குள் அது போய்விடும். ஊர் பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கமும், கப்பலையே பார்க்க வருகிறவர்கள் மறுபக்கமுமாகப் பிரிவது இந்த இடத்தில்தான். முதல் வகையில் நரைத்த தலைகள் அதிகம். ஐகானில் எழுபது வயதுக்காரர்களும் மகிழ்ச்சியாகப் போகிறார்கள். அது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுக்காக.

வரலாறும் கொஞ்சம் உண்டு. ஹாலந்து அமெரிக்கா 1873இல் ராட்டர்டாமில் தொடங்கிய நிறுவனம். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி நியூயார்க் போன லட்சக்கணக்கான மக்கள் அதன் கப்பல்களில்தான் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். 1958இல் ஜெட் விமானங்கள் அந்தக் கடலைச் சில மணி நேரத்தில் தாண்டத் தொடங்கியதும் கப்பலுக்கு வேலை குறைந்தது. 1971இல் அட்லாண்டிக் பயணிகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, முழுக்க உல்லாசப் பயணத்துக்கு மாறினார்கள். அதே சமயத்தில்தான் அலாஸ்காச் சுற்றுலா நடத்திவந்த வெஸ்டூர்ஸ் நிறுவனத்தையும் வாங்கினார்கள். 1989இல் கார்னிவல் குழுமம் இவர்களையே வாங்கிவிட்டது. இத்தனை மாறியும், ஒருமுறை வந்தவர்கள் திரும்பத் திரும்ப வருவது மட்டும் மாறவில்லை. இந்த நிறுவனத்தின் கப்பல்களில் மொத்தம் 1,400 நாட்கள் கழித்தவர்களுக்கென்று தனியாக ஒரு வட்டமே இருக்கிறது. ஏறத்தாழ நான்கு ஆண்டுக் கடல் வாழ்க்கை! நாற்பதில் முதல் பயணம் போனவர் அந்த வட்டத்துக்குள் வரும்போது எழுபதைத் தாண்டியிருப்பார். கப்பலும் அவரோடு சேர்ந்து ‘வயசானவங்க கப்பல்’ என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

இது தானாக அமைந்த கதை. திட்டமிட்டே முதியவர்களுக்காகக் கப்பல் கட்டியவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் கடற்கரையில் சிட்னி டி ஹான் என்பவர் 1950களின் தொடக்கத்தில் ஒரு ஓட்டல் நடத்தினார். கோடை முடிந்தால் அறைகள் காலி. பள்ளி விடுமுறைக்கும் அலுவலக விடுப்புக்கும் கட்டுப்படாமல் வரக்கூடியவர்கள் யார் என்று யோசித்தார். ஓய்வூதியக்காரர்கள்! அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் சுற்றுலாவை ஏற்பாடு செய்தார். அப்படிப் பிறந்ததுதான் சாகா நிறுவனம். இன்று அதற்கு ‘ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி’, ‘ஸ்பிரிட் ஆஃப் அட்வென்ச்சர்’ என்று இரண்டு கடற்கப்பல்கள். ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரம் பயணிகள். பயணிக்குக் குறைந்தது 50 வயது ஆகியிருக்க வேண்டும், உடன் வருபவருக்கு 40. வீட்டு வாசலுக்குக் கார் வந்து துறைமுகத்தில் கொண்டுவிடும். பயணக் காப்பீடு கட்டணத்தோடு சேர்ந்தது. எல்லா அறைகளுக்கும் பால்கனி.

சாகாவிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு கப்பலிலும் சுமார் நூறு அறைகள் தனி ஆளுக்கென்றே கட்டப்பட்டிருக்கின்றன. இதன் அருமை, கணவரையோ மனைவியையோ இழந்தவர்களுக்குத்தான் தெரியும். உல்லாசக் கப்பல் தொழிலில் கட்டணம் எப்போதும் ‘இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு இவ்வளவு’ என்றுதான் போடப்படுகிறது. தனியாகப் போகிறவர் பல நிறுவனங்களில் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டும். நாற்பது வருடம் இரண்டு பேராகப் பயணம் போய்வந்த ஒரு பெண்மணியை, தனியாளான பிறகு இல்லாத கணவருக்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! அவர்களையும் முழுப் பயணியாக எண்ணி ஓர் அறையை வரைபடத்திலேயே போட்டு வைத்ததை நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன். இதே அக்கறையைக் குனார்ட் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்திலும் பார்க்கலாம். அதன் கப்பல்களில் நடன அரங்கம் புகழ்பெற்றது. துணையில்லாமல் வரும் பெண்களோடு ஆடுவதற்கென்றே நடனம் தெரிந்த ஆண்களை அங்கே வைத்திருப்பது வழக்கம். இதையும் கேலி செய்கிறவர்கள் உண்டு. எழுபத்தைந்து வயதில் ஒரு பெண்ணுக்கு ஆட ஆசை இருந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்றால் அது முதியோர் கப்பல் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ‘ஆர்கேடியா’, ‘அரோரா’ இரண்டும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமானவை. அங்கே வயதானவர்கள் நிறைய. வைக்கிங் நிறுவனமும் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. சூதாட்ட அரங்கமும் கிடையாது. 2024இல் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தபோது, தாங்கள் குறிவைப்பது 55 வயதைத் தாண்டிய வசதியான பயணிகளைத்தான் என்று ஆவணத்தில் வெளிப்படையாகவே எழுதியது. ஆனால், வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் குழந்தைகளுக்கு இடமில்லை. அங்கே பச்சை குத்திக்கொள்ள ஒரு கடையும், விடிய விடியக் கொண்டாட்டமும் உண்டு. வயது வரம்பு ஒன்றேதான். உள்ளே இருக்கும் உலகம் வேறு வேறு.

சரி, முதியவர்களுக்கு ஏற்ற கப்பல் என்றால் நடைமுறையில் என்ன? ஹாலந்து அமெரிக்காவின் கப்பல்களில் கப்பலை முழுதாகச் சுற்றிவர ஒரு நடைத்தளம் இருக்கும். பல புதிய கப்பல்களில் இதைக் காணோம். அந்த இடத்தை அறைகளும் உணவகங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. காலையில் நடந்து பழகியவருக்கு, கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடையில்லாமல் சுற்றி நடப்பதைவிட வேறென்ன வேண்டும்! பிற்பகலில் தேநீர். மாலையில் பியானோவோ ப்ளூஸ் இசையோ. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும் சாப்பாட்டுக் கூடம். காது மங்கியவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எத்தனை முக்கியம் என்பது, இரைச்சலான உணவகத்தில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் புரியும். அமைதியை விரும்பும் முப்பது வயதுக்காரருக்கும் இவையெல்லாம் பிடிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடிக்காது. நடுக்கடலில் இரண்டு நாள் தொடர்ந்து போகும் பயணத்தில் அவனை இங்கே ஏற்றினால் அவனுக்கும் பாவம், அவனைப் பெற்றவர்களுக்கும் பாவம்.

முதியவர்கள் கூடும் கப்பலுக்கு ஆபத்தும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. 2020 மார்ச் 7ஆம் தேதி பியூனஸ் ஐரிஸிலிருந்து புறப்பட்ட ‘ஸாண்டம்’ கப்பலில் கொரோனா பரவியது. தென் அமெரிக்கத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. நான்கு பயணிகள் கப்பலிலேயே இறந்தார்கள். நிறுவனம் ‘ராட்டர்டாம்’ என்ற இன்னொரு கப்பலை பனாமாவுக்கு அனுப்பி, நோய் அறிகுறி இல்லாதவர்களை அதற்கு மாற்றியது. ஏப்ரல் 2ஆம் தேதிதான் இரண்டும் ஃப்ளோரிடாவில் கரை சேர்ந்தன. அது அசாதாரணமான காலம். ஆனால் சாதாரண நாளிலும் கப்பல் மருத்துவமனை என்பது முதலுதவிக்கும் நிலைமையைக் கட்டுக்குள் வைப்பதற்கும்தான். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் கரைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க முதியவர்களுக்கான மெடிகேர் காப்பீடு, கப்பல் அந்நாட்டுத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் விலகிவிட்டால் பொதுவாகச் செலவை ஏற்பதில்லை. நம் ஊரிலிருந்து போகும் பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டிலும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதயக் கோளாறுகளுக்குக் கட்டுப்பாடுகள் இருக்கும். பாலிசியை வரிவரியாகப் படிக்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

நம் ஊர்ப் பெற்றோரைச் சொன்னதும் அலாஸ்கா நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு முதல் கடல் பயணம் அதுதான். அவர்களுக்கு ஹாலந்து அமெரிக்கா போன்ற நிதானமான கப்பலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இந்தியச் சைவச் சாப்பாடு பல நிறுவனங்களில் கிடைக்கிறது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. இந்த நிறுவனத்திடம் அந்த அனுமதி நெடுங்காலமாக இருக்கிறது. பூங்கா அதிகாரிகளே கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். குளிரில் மேல்தளத்தில் நிற்பவர்களுக்குச் சூடான டச்சுப் பட்டாணி சூப் கொடுப்பது இவர்கள் வழக்கம் (அதில் இறைச்சி உண்டா என்று சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது). பனிப்பாறை உடைந்து கடலில் விழும்போது கப்பலில் யாருக்கும் வயது தெரிவதில்லை. எட்டு வயதும் எண்பது வயதும் ஒரே குரலில் கூவுகின்றன. ஒரு எச்சரிக்கை: சியாட்டிலிலிருந்து போகும் கப்பலும் வழியில் கனடாவில் நிற்கும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பொதுவாகக் கனடா விசாவும் வேண்டும்.

நிறுவனங்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விளம்பரப் படங்களில் முப்பது வயது ஜோடிகளையே முன்னால் நிறுத்துகிறார்கள். பணம் கட்டி அறைகளை நிரப்புகிறவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால், அவர்களைப் படத்தில் காட்ட என்ன வெட்கம்? சாகாவும் வைக்கிங்கும் ‘எங்கள் பயணிகள் இவர்கள்தான்’ என்று நேராகச் சொல்கின்றன. அதனால் அவர்களுக்கு எந்த நட்டமும் வந்துவிடவில்லை. மற்றவர்களும் அப்படிச் சொல்லட்டும். சொல்வதோடு, பெரியவர்களுக்கு உண்மையில் தேவைப்படும் தகவலையும் முகப்பிலேயே போடட்டும். எந்தெந்த ஊரில் கப்பல் கரையோடு கட்டப்படும், எங்கே நடுநீரில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்கள் என்பதைப் பயணத் திட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். கிரீஸின் சாண்டோரினியில் அப்படித்தான் இறக்குகிறார்கள். அலையில் ஆடும் படகுக்குள் காலை எடுத்து வைக்க வேண்டும்; சக்கர நாற்காலியில் வந்தவர் பல நேரம் கப்பலிலேயே தங்கிவிட நேர்கிறது. அந்த ஊரைப் பார்ப்பதற்காகவே சேமித்து வந்தவருக்கு, அது அந்தக் காலையில் தெரியவரக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.