நடிப்பும் திரைப்படத் தகுதியும்: ‘கபாலி’யை முன்வைத்து

ஒருவரின் சிறந்த நடிப்பு மட்டுமே குறைபாடுடைய படத்தைக் காணத்தக்கதாக்குமா? பா. இரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ (2016) மலேசியத் தமிழாசிரியர்முன் இவ்வினாவை எழுப்புகின்றது.

இப்படத்தின் பின்புலம் தோட்டத் தமிழர் வாழ்வாகும். 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற போ நிறுவனத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் அவ்வாழ்வின் களங்களே. எனினும், தொழிலாளரின் உரிமைப் போராட்டம் பின்னோக்குக் காட்சிகளுள் சுருங்கிவிட, குழுச் சண்டைகளே கதையை நிரப்புகின்றன.

ரஜினிகாந்தின் நடிப்போ வேறு வகையினது. 25 ஆண்டுச் சிறைவாழ்வு முடித்து மீண்ட கபாலி, வெறுமையான இல்லத்தில் மனைவி குமுதவல்லியை நினைவில் காணுமிடத்தும், பின்னர்ப் புதுச்சேரியில் அவரை நேரில் காணுமிடத்தும், வீரவுரைகள் ஓய்ந்து, முதுமையும் இழப்பும் முகத்திலேயே புலப்படுகின்றன. திரைக்கதை ஆழப்படுத்தாத துயரை நடிப்பே உணர்த்துகின்றது.

ஆகவே, படம் காணத்தக்கதே. ஆயினும், நடிப்பு ஒரு மனிதனின் துயரை மெய்ப்பிக்குமேயன்றி, ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஈடுசெய்யாது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு இதனைக் காட்டும் ஆசிரியர், கொழுந்து பறித்த பாட்டிமாரின் நினைவுகளையும் அம்மாணவரைக் கொண்டே கேட்டெழுதச் செய்தல் வேண்டும். படம் விட்ட இடம் அங்கேதான் நிரம்பும்.