வலிப்பும் நைட் டூட்டியும்

பிளஸ் டூ முடிவு வந்ததும் நரம்பியல் மருத்துவர்களிடம் தவறாமல் வரும் கேள்விகளில் ஒன்று: "இவளுக்கு வலிப்பு இருக்கு, நர்சிங்ல சேர்க்கலாமா டாக்டர்?" பெரும்பாலானோருக்கு, சேர்க்கலாம் என்பதே பதில். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டு வகுப்பறையில் ஒன்றும் நேராது. வார்டுக்குப் போய் இரவுப் பணி தொடங்கும்போதுதான் சிக்கல் தலைகாட்டும்.

முதலில், என்ன வகை வலிப்பு என்று தெரிய வேண்டும். மூளையின் நரம்பணுக்களில் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடுகிறது. எல்லா வகைக்கும் இதுதான் பொது. மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் நினைவிழந்து விழுவார், கைகால் வெட்டி இழுக்கும். இன்னொருவர் விழவே மாட்டார். அரை நிமிடம் வெறித்துப் பார்த்தபடி உதட்டைச் சப்புவார், கூப்பிட்டால் பதில் வராது, பிறகு விட்ட வேலையைத் தொடர்வார். நர்ஸ் வேலையைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. விழுந்தவரை வார்டே பார்க்கும். இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அரை நிமிடம் நினைவு தப்பியதை அந்த நர்ஸே அறியாமல் போகலாம்.

தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்கும் ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான தண்ணீர், கழுவாத காய்கறி வழியாக உடலுக்குள் போகிறது. அதன் இளம்புழு மூளையில் தங்கிச் சிறு கட்டியாகிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரும். ஸ்கேனில் ஒற்றைக் கட்டியாகத் தெரியும் இந்த நோயைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நிறைய ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கட்டி கரைந்தபின் பலருக்கு மருந்தையே நிறுத்திவிட முடிகிறது. இப்படிப்பட்ட ஒருவரை வாழ்நாள் நோயாளி என்று முத்திரை குத்தி நர்சிங் வேண்டாம் என்பது அநியாயம். பொதுவாகவே, சரியாகக் கண்டறிந்து சரியான மருந்து கொடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 விழுக்காடு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நர்சிங் படிப்போடு நேருக்கு நேர் மோதும் வகையும் ஒன்று உண்டு. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும். காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கை வெடுக்கென்று உதறும், பிரஷ்ஷோ காப்பி டம்ளரோ கைநழுவும். 'தூக்கக் கலக்கம்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் பரீட்சைக்கு இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மறுநாள் காலையில் பெரிய வலிப்பு வரும். இளம்பருவத் தசைத்துடிப்பு வலிப்பு என்பார்கள். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் பெரும்பாலானோர் நீண்ட காலம் மருந்தைத் தொடர வேண்டும். இதைத் தூண்டிவிடுவதில் முதலிடம் தூக்கமின்மைக்கு. கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற பழகிய மருந்துகள் இந்த வகையில் உதறலைக் கூட்டிவிடலாம் என்பதால், வகை தெரியாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருப்பதும் ஆபத்து.

இதனால்தான், வலிப்பு உள்ள ஒருவரின் நர்ஸ் வேலை பெரும்பாலும் டூட்டி ரோஸ்டரில்தான் நிலைக்கிறது அல்லது குலைகிறது என்று நினைக்கிறேன். நைட் டூட்டி முடித்து காலையில் ஹேண்டோவர் கொடுத்துவிட்டு விடுதிக்கு வந்தால், பகலில் ஐந்து மணி நேரம் தூங்குவதே பெரும்பாடு. மாணவியாக இருந்தால் வகுப்புக்கும் கூப்பிடுவார்கள். ஆள் குறைந்த நாளில் இரட்டை டூட்டியும் விழும். நல்ல உடம்புக்கே இது ஆகாது. வலிப்பு உள்ளவருக்கு, மாதக்கணக்கில் மருந்து கட்டிவைத்ததை ஒரே வாரம் அவிழ்த்துவிடலாம்.

எல்லோருக்கும் இரவுப் பணியே கூடாது என்று விதி போடவும் முடியாது. பல ஆண்டுகளாக வலிப்பு வராமல், பகலில் நன்றாகத் தூங்க வசதியுள்ளவர்கள் இரவிலும் வேலை பார்க்கிறார்கள். ஷிஃப்டுகள் நாலு நாளுக்கு ஒருமுறை தலைகீழாவதுதான் அதிகம் கெடுக்கும். ஒரே ஷிஃப்டில் நிலையாக இருப்பது, இரவுக்குப் பின் முழு ஓய்வு, இரட்டை டூட்டியிலிருந்து விலக்கு, இந்த மூன்றையும் நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு நர்சிங் கண்காணிப்பாளரிடம் கேட்கலாம். வகை மேலே சொன்ன காலை உதறல் வகை என்றால், இரவுப் பணியிலிருந்தே விலக்கு கேளுங்கள்.

மாத்திரை நேரத்தைத் தூக்கத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். காலை எட்டு, இரவு எட்டு என்றால் நைட் டூட்டியிலும் அதே எட்டுதான். எழுந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்று விட்டால் இடைவெளி பதினாறு, பதினேழு மணி நேரமாகிவிடும். ரிலீவர் வரத் தாமதமானால் என்ன செய்வது? யூனிஃபார்ம் பையில் ஒரு வேளை மாத்திரை எப்போதும் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் நர்ஸுக்கு இன்னொரு ஆபத்து, வார்டு அலமாரி. காய்ச்சல், உடம்புவலி என்றால் நர்ஸ்கள் டாக்டரைப் பார்ப்பதில்லை, ஸ்டாக்கில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். டிரமடால் வலிநிவாரணியும் சிப்ரோஃப்ளாக்சசினும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. மெரோபெனம் ஊசி வால்புரோயேட்டின் அளவை ரத்தத்தில் மளமளவென்று இறக்கிவிடும். வால்புரோயேட்டுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. சிலருக்குக் கை நடுங்கும், குழந்தைக்கு வென்ஃபிளான் (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போட வேண்டியவருக்கு அது சின்ன விஷயமில்லை. கர்ப்பத்தில் அது குழந்தையின் முதுகுத்தண்டையும் பிற்கால அறிவு வளர்ச்சியையும் பாதிக்கலாம். ஆகவே இளம்பெண்கள் இதைத் தொடர வேண்டுமா, லெவெடிராசெட்டம் போல வேறு வழி உண்டா என்று கல்யாணப் பேச்சுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. மருந்தைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

எந்த வார்டு என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. வலிப்பு இன்னும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தால், பச்சைக்குழந்தையைக் கையில் தூக்கும் பிரிவும், அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுக்கும் பணியும், ஆளில்லா நேரத்தில் தனியாக ஐ.சி.யு. பார்ப்பதும் தள்ளிப்போடப்பட வேண்டியவை. கட்டுப்பட்டு ஓரிரு ஆண்டு ஆனபின் மறுபடி பேசலாம். புறநோயாளிப் பிரிவு, தடுப்பூசி, தொற்றுத் தடுப்பு, நர்சிங் ஆசிரியர் பணி என்று பகலோடு முடியும் வேலைகள் இத்துறையில் நிறைய. மினுக்கும் மானிட்டர் வெளிச்சத்துக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம். ஒளி மினுக்கலால் வலிப்பு வருவது வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான்.

இனி, மறைப்பது பற்றி. கல்லூரியில் சேரும்போது மருத்துவத் தகுதிச் சான்று கேட்கிறார்கள். மாணவர் உடல்தகுதி உள்ளவராக இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நிபந்தனை. பல குடும்பங்கள் நரம்பியல் மருத்துவரைத் தவிர்த்துவிட்டு, தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்துவிடுகின்றன. கல்லூரிக்குப் பயந்து மட்டும் இப்படிச் செய்வதில்லை, ஊருக்குத் தெரிந்தால் வரன் வராது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாசகத்தை 1999-லேயே நீக்கிவிட்டார்கள், வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. மறைத்துச் சேர்ந்தவருக்கு ரோஸ்டரில் சலுகை கேட்க வழியே இல்லாமல் போகிறது. மாத்திரையைக் கழிப்பறையில் ஒளிந்து போட வேண்டியிருக்கிறது. நரம்பியல் மருத்துவரே நோயின் வகை, கடைசி வலிப்பு வந்த நாள், மருந்து, தவிர்க்க வேண்டியவை ஆகியவற்றை எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதம் எவ்வளவோ மேல்.

சட்டத்தின் துணை இங்கே பலமாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் நோய் அதில் பெயரோடு இருக்கிறது, வலிப்பு இல்லை. பிரிட்டனுக்குப் போக நினைக்கும் நர்ஸ்களுக்கு நிலைமை வேறு. அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், மருந்து இல்லாவிட்டால் ஒருவர் எப்படி இருப்பார் என்பதை வைத்தே கணக்கிடுகிறது. மாத்திரையால் நன்றாக இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலம் பற்றிக் கேட்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

வார்டில் யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் வேண்டாம். இன்சார்ஜ் சிஸ்டருக்கும், கூட டூட்டி பார்க்கும் ஓரிருவருக்கும் தெரிந்தால் போதும். என்ன செய்யக்கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் விழுந்தால் உதவிக்கு வருகிறவர்கள் கூடிப்போகிறார்கள். ஒருவர் கையைப் பிடித்து அழுத்துவார், ஒருவர் வாயில் எதையாவது செருகப் பார்ப்பார், சாவிக்கொத்தைத் தேடுகிறவர் ஆஸ்பத்திரியிலும் உண்டு. மணியைப் பார்க்க வேண்டும், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும், உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ அவசர சிகிச்சை. அதற்குள் ஊசியோடு ஓடிவர வேண்டியதில்லை. தெளிந்தபின் அன்றைய பணி முடிந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

போக்குவரத்தையும் கணக்கில் எடுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்தில் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள், ஸ்கூட்டியை நம்பித் தூரத்து மருத்துவமனையில் வேலைக்குச் சேர முடியாது. ஏழு மணி டூட்டிக்கு ஐந்தரை மணி பஸ் என்றால் நாலரைக்கு எழ வேண்டும், அங்கேயும் தூக்கம்தான் போகிறது. நடந்து போகும் தூரத்தில் அறை எடுப்பது அல்லது மருத்துவமனை விடுதியில் தங்குவது சரி. விடுதியில் கீழ்க் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள். குளிக்கும்போது தாழ்ப்பாள் வேண்டாம், உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்ட வெளிக் கைப்பிடியில் ஒரு துண்டு தொங்கினால் போதும்.