காரின் எஞ்சின் அறையைச் சுத்தம் செய்தல்: ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம்



வினாத்தாளில் "காரணம் தருக" என்பதைக் கண்டதும் பலர் தடுமாறுவதுண்டு. படிகளை மனப்பாடம் செய்தவருக்கு வரிசை தெரியும். அந்த வரிசை ஏன் என்பது தெரியாது. காரின் எஞ்சின் அறையை வீட்டில் சுத்தம் செய்யும் வேலையை எடுத்து, ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தை இங்கே நோக்குவோம். இவ்வேலையில் காரணம் தெரியாவிட்டால் இழப்பது புள்ளிகளை மட்டுமல்ல. கை வெந்து போகலாம், வாகனமும் பழுதாகலாம். ஆகவே வாகனம் பற்றி அறிந்த பெரியவர் ஒருவருடன் சேர்ந்தே இதைச் செய்யுங்கள்.

ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?

அழகுக்காக மட்டுமன்று. எண்ணெயும் தூசியும் படிந்த எஞ்சினில் புதிய கசிவு தெரியாது. சுத்தமான எஞ்சினில் ஒரு துளி ஒயில் கசிந்தாலும் கண்ணில் படும். பொனற்றின் கீழ் சேரும் காய்ந்த இலைகள் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றக்கூடும். எலி கடித்த வயர்களையும் இவ்வேளையிலேயே கண்டுபிடிக்கலாம்.

1. ஆறவிடுதல்

ஓடும் எஞ்சினைக் குளிராக்கும் நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸில் இருக்கும். புகை வெளியேறும் பகுதி இதைவிட மிக அதிகமாகச் சூடேறும். சூடான உலோகத்தில் குளிர்நீர் பட்டால் அப்பகுதி மட்டும் சடுதியாகச் சுருங்கும்; இதனால் வெடிப்பு உண்டாகலாம். ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே அமுக்கம் அதிகமாதலால் நீரின் கொதிநிலையும் உயர்ந்திருக்கும். மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைய, நீர் உடனே கொதித்துப் பீறிடும்.

2. பற்றரியைத் துண்டித்தல்

எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்த பின், பற்றரியின் மறை முனை வயரை முதலில் கழற்றுங்கள். இன்றைய கார்களில் அது வாகனத்தின் உலோக உடலுடன் இணைந்துள்ளது. நேர் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் உடலில் முட்டினால் குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். பற்றரி மின்னேற்றப்படும்போது வெளிவரும் ஐதரசன் வாயு எரியக்கூடியது என்பதையும் நினைவிற் கொள்க. மீண்டும் பூட்டும்போது நேர் முனை முதலில், மறை முனை இறுதியில்.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால், அப்பச்சோடா கரைத்த நீரைத் தொட்டுப் பழைய பிரஷால் தேயுங்கள். அங்குள்ள அமில எச்சம் நடுநிலையாக்கப்படும். காபனீரொட்சைட்டு குமிழிகளாக வெளியேறும். பற்றரியின் உள்ளே இக்கரைசல் செல்லக்கூடாது.

3. மூடிக் கட்டுதல்

பியூஸ் பெட்டி, அல்ரனேற்றர், வயர் இணைப்புகள், காற்று உள்ளே செல்லும் வாய் ஆகியவற்றைப் பொலித்தீன் பையால் இறுக மூடுங்கள். குழாய்நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்னைக் கடத்தும். காற்று வாயினூடாக நீர் உருளைக்குள் சென்றால் ஆபத்து இன்னும் பெரிது. காற்றை அமுக்கலாம், நீரை அவ்வாறு அமுக்க முடியாது. அந்நிலையில் எஞ்சினை இயக்கினால் உட்பாகங்கள் வளைந்துவிடும்.

4. அழுக்கை அகற்றுதல்

முதலில் இலைகளையும் தூசியையும் உலர்ந்த நிலையிலேயே அகற்றுங்கள். தடித்த எண்ணெய்ப் படிவைக் கந்தைத் துணியால் வழித்தெடுங்கள். பின்னர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரைப் பிரஷால் பூசித் தேயுங்கள். அத்திரவத்தின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரையும் மறு முனை எண்ணெயையும் நாடும். ஆதலால் எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீருடன் வெளியேறும். பெற்றோலைப் பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். கழுவுவதற்கு மெல்லிய நீரோட்டமே போதும். அதிக அமுக்கத்தில் பாய்ச்சிய நீர் இறப்பர் மூடிகளைத் தாண்டி வயர் இணைப்புகளுக்குள் புகும்.

கழிவுநீர் கிணற்றையோ வடிகாலையோ அடையாதவாறு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் வெடிப்புகள் பல உள்ளன. நிலத்தில் ஊற்றியது விரைவில் நிலக்கீழ் நீரைச் சேரும். எண்ணெய் கலந்த கிணற்றை மீளச் சுத்தமாக்குவது எளிதன்று. ஆகவே எண்ணெயைத் துணியில் எடுக்க எடுக்க, கழிவுநீரின் தீங்கு குறையும்.

5. உலர்த்தி இயக்குதல்

பொலித்தீன் பைகளை அகற்றி, துணியால் துடைத்து, பொனற்றைத் திறந்தபடி காயவிடுங்கள். நன்கு உலர்ந்த பின்பே பற்றரியைப் பூட்டுங்கள். எஞ்சினைத் திறந்த வெளியில் இயக்க வேண்டும். மூடிய கராஜில் சேரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. அது குருதியின் ஈமோகுளோபினுடன் சேர்ந்து, ஒட்சிசன் காவப்படுவதைத் தடுத்து உயிரைப் பறிக்கும். பளபளப்புக்காகப் பூசும் திரவத்தைப் பெல்ற்றில் படவிடாதீர்கள். உராய்வு குறைந்து அது வழுக்கும்.

முக்கிய எச்சரிக்கை

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தத்தைக் காவுபவை. அவற்றைத் தொடவோ நனைக்கவோ வேண்டாம். அவ்வாகனங்களைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

பயிற்சி: காரணம் தருக

1. பற்றரியைக் கழற்றும்போது மறை முனை வயர் முதலில் அகற்றப்படும்.
2. சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஆபத்தானது.
3. எண்ணெய்ப் படிவு நீரால் மட்டும் அகலாது.

விடைகளைக் கட்டுரையைப் பாராது, உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள். "ஏனெனில்" என்ற சொல்லுக்குப் பின் நீங்கள் எழுதுவதற்கே புள்ளி கிடைக்கும்.