பெட்டிக்குள் பத்து அவதாரம்!

மூடியைத் தூக்கக் கூடாது; பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மரப்பெட்டி திறக்கிறது. உள்ளே வட்ட வட்டமாகச் சீட்டுகள்!

மராட்டிய மாநிலம் சாவந்த்வாடியின் கஞ்சிபா சீட்டு இது. திருமாலின் அவதாரம் பத்து. ஒவ்வொன்றுக்கும் 12 சீட்டு, மொத்தம் 120. காகிதத்தில் புளியங்கொட்டைப் பசை பூசி, கையாலேயே படம் தீட்டுகிறார்கள். பெட்டியின் மேலும் பூக்கள், தெய்வ உருவங்கள். பார்த்தவுடன் திறக்கத் தோன்றும்.

மலிவான அச்சுச் சீட்டு வந்தது. இந்தத் தொழில் நசிந்தது. 1970களில் அவ்வூர் ராஜா சிவராம் ராஜே போன்ஸ்லேயும் ராணி சத்வஷீலா தேவியும் முதிய ஓவியர் ஒருவரிடம் தாங்களே தொழில் கற்றார்கள். அரண்மனையிலேயே பட்டறை வைத்தார்கள்.

இன்று ஆடுவோர் சிலர். அழகுக்காக வாங்கிச் சேர்ப்போர் பலர். சீட்டு குடியைக் கெடுக்கும் என்பார்கள். இந்தச் சீட்டோ, செய்பவருக்குச் சோறு போடுகிறது!